தனியாகச் சாப்பிடாத அக்கா

சுங்கை பினாங்கிலிருந்து பெர்ரி ஏறும் ஜெட்டியை நோக்கி நான் நடந்துகொண்டிருந்தபோது என் வலது கையில் குழம்பு இன்னும் காயவில்லை. கை கழுவாமலேயே கிளம்பியிருந்தேன். தோளில் ஒரு பை. பையில் இரண்டு சட்டை, ஒரு காற்சட்டை, கைபேசி சார்ஜர். மதிய வெயிலில் விரல்களை விரித்து, கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி நடந்தேன். மோட்டார் சைக்கிளில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு டயர்க் கடை வாசலில் குழாய் இருந்தது. கடைக்காரச் சீனரிடம் கையைக் காட்டினேன். அவர் தலையாட்டினார். தண்ணீர் விழுந்தபோதுதான் ஒன்று உறைத்தது. அக்காவின் மேசையிலிருந்து பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தவன் அநேகமாக நான் ஒருவன்தான்.

அக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிட்டோம். நிபோங் திபாலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பெயரை உரக்க வாசித்தார்கள். அதற்குப் பிறகு அங்கே யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. எனக்கும் அது பழகவில்லை.

நானும் அதே ஊர், அதே சபை. 'சபை' என்றுதான் சொல்வோம், அதற்கு வேறு பெயர் கிடையாது. மற்ற சர்ச்சுகள் எல்லாம் எங்களுக்கு உலகத்தோடு சேர்ந்தவை. வீட்டில் டிவி இல்லை. அம்மாவின் காதில் தோடு இல்லை, தலையில் பூ இல்லை. பக்கத்து வீட்டுத் தீபாவளி முறுக்கு வந்த தட்டிலேயே திரும்பிப் போகும். இதில் எதையாவது மீறினால் மூன்று முறை எச்சரிப்பார்கள். அதற்கும் அடங்காதவன் பெயரை ஞாயிறு ஆராதனை முடிவில் வாசிப்பார்கள். அதற்குப் பந்தி நீக்கம் என்று பெயர். வீட்டை விட்டுத் துரத்த மாட்டார்கள். பேசலாம், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்கலாம். ஆனால் சபையில் இருக்கும் யாரும், பெற்ற தாயே ஆனாலும், அவனோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. கேட்பதற்குச் சின்னத் தண்டனை போலத்தான் இருக்கும்.

எனக்குக் கடவுளோடு சண்டை எதுவும் இல்லை. பாஸ்டர் என் கைபேசியை வாங்கிப் பார்க்க வேண்டும் என்றார். நான் கொடுக்கவில்லை. அதிலிருந்து தொடங்கியது. மூன்றாவது எச்சரிக்கையும் வந்த பிறகு, பெயரை வாசிப்பதற்குள் போய்விடுவோம் என்று ஒரு காலையில் பஸ் ஏறினேன். பத்தொன்பது வயது. படிப்பை ஏற்கனவே பாதியில் விட்டிருந்தேன். எங்கே போவது என்ற யோசனை இருக்கவில்லை. பாஸ்டரே வழி சொல்லியிருந்தார். சபையை விட்டு ஓடும் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துக் கெடுக்கும் ஒருத்தி பினாங்கில் இருக்கிறாள் என்று வாலிபர் கூட்டத்தில் அவர் அடிக்கடி எச்சரிப்பார். சுங்கை பினாங், ஆற்றோரம், நீலப் பெயின்ட் அடித்த பிளாட், லிஃப்டுக்குப் பக்கத்து வீடு என்று அத்தனை விவரமாக எச்சரித்ததில் யாரையும் விசாரிக்காமலே போய்க் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்த அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். நாற்பது வயது இருக்கும். இரவு வேலை முடிந்து வந்த தொழிற்சாலைச் சீருடையைக் கழற்றாமல் நின்றிருந்தாள். ஏன் வந்தாய், யார் வீட்டுப் பையன் என்று எதுவும் கேட்கவில்லை.

"பசியாறினியா?"

"இல்லக்கா."

"அப்பாடா. வா வா. காலையிலேர்ந்து யாராச்சும் வருவாங்களான்னு இந்த ரொட்டிய வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன் லா."

நான் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தேன். மேசையில் ரொட்டி சானாய் பொட்டலம் பிரிக்கப்படாமலே ஆறிக் கிடந்தது.

அவளால் தனியாகச் சாப்பிட முடியாது. பிடிக்காது என்றல்ல, முடியாது. எதிரில் இன்னொரு கை தட்டில் இருந்தால்தான் அவள் கை தட்டுக்குப் போகும். கோப்பிக் கடைக்குப் போனால் காலி மேசை பத்து இருந்தாலும் ஆள் உட்கார்ந்திருக்கும் மேசையைத் தேடுவாள். ஒரு முறை நாளிதழ் விரித்து மீ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த சீனக் கிழவரின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு ஹொக்கியன் சீனத்தில் ஏதோ முணுமுணுத்தார். அக்காவும் அதிலேயே பதில் சொன்னாள்.

"என்னக்கா சொல்றாரு?"

"இவ்ளோ இடம் இருக்கு, உனக்குக் கண்ணு தெரியலையான்னு கேக்குறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தெரியுது அங்கிள், அதனாலதான் இங்க வந்தேன்னு சொன்னேன்."

கிழவர் நாளிதழை மடித்து அவளுக்கு இடம் விட்டார். போகும்போது, உன் மீயில் மிளகாய் அதிகம், வயிறு கெடும் என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார்.

பயான் லெப்பாஸில் அவள் வேலை செய்த தொழிற்சாலையில் பக்கத்து இயந்திரத்தில் ஒரு மலாய்ப் பெண். நோன்பு மாதம் வந்தால் அந்தப் பெண்ணோடு சேர்ந்து அக்காவும் பகல் முழுக்கப் பட்டினி. கேன்டீனில் போய்த் தனியாக உட்கார வேண்டுமே. சூரியன் மறைந்ததும் இருவரும் பேரீச்சம்பழப் பெட்டியைத் திறப்பார்கள். அக்கா மதம் மாறப் போகிறாள் என்று லைனில் பேச்சுக் கிளம்பிவிட்டது. "ஒரு மதத்துலேர்ந்து வெளிய வந்து மூச்சு விடறதுக்கே இவ்ளோ வருசமாச்சு, இன்னொண்ணு எதுக்கு லா?" என்று சிரித்தாள்.

இது எங்கிருந்து வந்தது என்று அவளாக ஒரு முறைதான் சொன்னாள், வெங்காயம் உரித்துக்கொண்டே. பாஸ்டர் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றதற்காக அவள் பெயரை வாசித்தார்களாம். அன்று மதியம் அவள் அம்மா சோற்றைப் போட்டு, தட்டைப் பின்கட்டில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாராம். உள்ளே அப்பாவும் தம்பியும் சாப்பிடும் சத்தம் கேட்டதாம்.

"அடுத்த வீட்டுக் கோழி வந்து தட்டுல கொத்துச்சு. வெரட்டல. அதாவது கூட சாப்பிட்டுச்சே."

சிரித்தாள். நானும் சிரித்தேன். வெங்காயம் இரண்டு பேருக்கும் உதவியது.

அவள் வீட்டில் ஒரே சட்டம்தான் இருந்தது. எல்லாரும் வந்த பிறகுதான் சாப்பாடு, எல்லாரும் முடித்த பிறகுதான் எழ வேண்டும். எனக்கு முன்னால் அங்கே தங்கிய பிள்ளைகள் இந்தச் சட்டத்தில் மாட்டித் திணறியிருக்கிறார்கள். ஒருத்தி கோலாலம்பூருக்கு நர்ஸ் வேலைக்குப் போனாள். ஒருவன் சிங்கப்பூர் போனான். இன்னொருவன் ஊருக்கே திரும்பிப் போய் முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டுச் சபையில் சேர்ந்துகொண்டான். அவனைப் பற்றி அக்கா குறையாக ஒன்றும் சொன்னதில்லை. "அவனுக்கு அவங்கம்மாகூட சாப்பிடணும்னு இருந்திருக்கு" என்பாள்.

எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. பசித்தால் பசித்த இடத்தில் தின்றுவிட்டு நடக்கிறவன். அவள் வேலை முடிந்து வரும்வரை மூடிய சட்டிகளைப் பார்த்தபடி காத்திருப்பது எனக்கு எரிச்சலாக இருந்தது. சபையில் ஜெபம் முடியக் காத்திருந்ததும் இப்படித்தான் என்று ஒரு நாள் சொல்லியும் விட்டேன். அவள் முகம் சுண்டிப் போயிற்று. "ஆமா லா. அங்க இருந்து கொண்டு வந்ததுதான். வேற எதக் கொண்டு வந்தேன்?" என்றாள். ஆனாலும் சட்டம் மாறவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் இருவருக்கும் கஷ்டமான நாள். முதல் ஞாயிறு விடிவதற்குள் எனக்கு விழிப்பு வந்துவிட்டது. குளித்து, வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, பொத்தான் எல்லாம் மாட்டி, காலில் சப்பாத்துக் கயிற்றையும் கட்டி முடித்த பிறகுதான் போக ஓர் இடமும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அறையை விட்டு வெளியே வந்தால் அக்காவும் தலைசீவி, கைப்பையோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

"இத்தன வருசமாச்சு, இன்னும் நிக்கல" என்றாள். "வா, பஸ்ல போவோம்."

பாலேக் பூலாவ் வரை போய், கோப்பி குடித்து, அதே பஸ்ஸில் திரும்பினோம். ஆராதனை முடியும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். பிறகு மனது கொஞ்சம் அடங்கியது.

இப்படி இருக்கும்போதுதான் அவள் அம்மா வந்தார்.

அந்தம்மாவுக்கு ஒரு கண் ஏற்கனவே போய்விட்டிருந்தது. ஜெபித்தால் சரியாகும் என்று காத்திருந்ததில் போனது. மற்றக் கண்ணும் மங்கத் தொடங்கியதும், ஜார்ஜ் டவுனில் ஆப்பரேஷன் செய்யச் சபையே சம்மதித்தது. ஆனால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அப்பா இறந்துவிட்டார், தம்பி ஜொகூரில். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்த ஒரே பிள்ளை அக்காதான். ஆப்பரேஷன் முடிந்து, தேறும்வரை அந்தக் கண்ணைக் கட்டியே வைத்திருக்கச் சொல்லி அனுப்பினார்கள். அக்கா லீவு போட்டுக் கூட்டி வந்தாள்.

முதல் மதியம் மேசையில் மூன்று தட்டு வைத்தாள். எதையோ எதிர்பார்த்துக்கொண்டு வைத்தாள் என்பது அவள் தட்டுகளை நகர்த்தி நகர்த்தி வைத்ததில் தெரிந்தது.

அந்தம்மா சத்தத்திலேயே புரிந்துகொண்டார். "என் தட்ட ரூம்ல குடுத்துடு" என்றார்.

"கண்ணு தெரியாம எப்படிம்மா சாப்பிடுவீங்க? மீன் முள்ளு இருக்கு."

"கர்த்தர் பாத்துக்குவார்."

கொஞ்ச நேரத்தில் அறையிலிருந்து இருமல் சத்தம். தொண்டையில் முள். தண்ணீர் குடிக்க வைத்து, வெறும் சோற்றை உருட்டி விழுங்க வைத்து ஒருவழியாக இறக்கினோம். அக்கா அன்று முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை.

மாலையில் அந்தம்மா என்னைக் கூப்பிட்டார்.

"நீ லாரிக்கார பிரதர் மகன்தானே? உம் பேர வாசிச்சிட்டாங்களா?"

"இன்னும் இல்ல ஆன்ட்டி. பாஸ்டர் கூட்டத்துக்காக ஈப்போ போயிருக்காரு. வந்துதான் வாசிப்பாருன்னு தங்கச்சி சொன்னா."

"அப்ப நீ சபைக்கு உள்ளதான் இருக்க" என்றார். குரலில் ஒரு நிம்மதி. "எனக்கு முள்ளு எடுத்துக் குடு. நாம ரெண்டு பேரும் மேசையில உக்காருவோம்."

இப்படியாக, சபையிலிருந்து ஓடிவந்த நான் சபையின் ஆளாக அந்த மேசையில் உட்கார்ந்தேன். அந்தம்மா என் வலது பக்கம். அக்கா பரிமாறிவிட்டு நகர்ந்தாள். பிறகு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் முக்காலியைத் தரையில் உரசாமல் தூக்கி வந்து, அம்மாவுக்கு நேர் எதிரில் வைத்து உட்கார்ந்தாள். ஒரு தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள்.

நான் சத்தமாகச் சாப்பிட்டேன். கிளாஸை டொக்கென்று வைத்தேன். ஊரில் யார் யார் எப்படி என்று வாய் ஓயாமல் கேட்டேன். அந்தச் சத்தத்துக்குள் அக்கா தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டே தின்றாள். அவ்வளவு வேகமாக ஒருவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. யாரோ தட்டைப் பிடுங்கப் போகிறார்கள் என்பது போல.

"தம்பிக்கு நல்ல பசி போல. ரெண்டு பேர் மெல்லுற சத்தம் கேக்குது" என்றார் அந்தம்மா.

அக்காவின் வாய் அப்படியே நின்றது.

"ஆமா ஆன்ட்டி. பசிதான்."

"சாப்பிடு, சாப்பிடு. கத்திரிக்காய மட்டும் ஓரமா ஒதுக்கி வைக்காத. சின்ன வயசுலேர்ந்து அந்தப் பழக்கம்."

நான் கத்திரிக்காயை ஒதுக்கியதில்லை. அந்தம்மா என்னோடு அதற்கு முன் சாப்பிட்டதும் இல்லை. எதிரில் அக்காவின் தட்டோரம் மூன்று துண்டு கத்திரிக்காய் வரிசையாக இருந்தது. அவள் அதை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டு, தலையைக் குனிந்து மென்றாள்.

அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் இதே நாடகம். யாரும் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. அக்கா பசாருக்கு இரண்டு வேளையும் ஓடினாள். அம்மாவுக்குப் பிடித்த கீரை, அம்மாவுக்குப் பிடித்த கானாங்கெளுத்தி. பாத்திரம் கழுவும்போது ஏதோ ஒரு பழைய சபைப் பாட்டை முனகினாள், அது அவளுக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. என் பெயர் வாசிக்கப்படும் நாள் வரைக்கும்தான் இது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

ஞாயிறு மதியம் தங்கையிடமிருந்து செய்தி வந்தது. 'அண்ணே, வாசிச்சிட்டாங்க. அம்மா அழுவுறாங்க.' அவ்வளவுதான். தட்டுகள் வைத்தாகிவிட்டது. அக்கா என் முகத்தைப் பார்த்தாள், கைபேசியைப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் என் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். அந்தம்மா ஜெபம் சொல்லி முடித்து முதல் வாய் எடுக்கும்போது அவருடைய கைபேசி அடித்தது. கண் தெரியாததால் எல்லா அழைப்பையும் ஸ்பீக்கரில்தான் போடுவோம். நான் போட்டேன்.

"ஸ்தோத்திரம் சிஸ்டர். பாஸ்டரம்மா பேசுறேன். அந்த லாரிக்கார பிரதர் மகன் பேர இன்னைக்கு வாசிச்சாச்சு. அவன் அங்கதான் இருக்கான்னு கேள்விப்பட்டோம். பந்தியில கவனமா இருங்க."

மேசையில் மூன்று கைகளும் அப்படியே நின்றன.

"கண்ணு கட்டியிருக்கு பாஸ்டரம்மா" என்றார் அந்தம்மா. "யாரு எங்க உக்காந்திருக்காங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கட்டு எப்ப அவுப்பாங்க?"

"நாளைக்கு."

"அப்ப நாளையிலேர்ந்து கவனம் சிஸ்டர்."

"சரிங்க பாஸ்டரம்மா."

நான் கைபேசியை அணைத்தேன். அந்தம்மா சோற்றைப் பிசைந்தார். "மீனு நல்லா இருக்கு" என்று பொதுவாகச் சொன்னார். அக்கா முதல் முறையாக முக்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்தாள். அது தரையில் கிறீச்சிட்டது. அந்தம்மா அடுத்த வாய்ச் சோற்றை உருட்டினார்.

திங்கள் காலை கட்டை அவிழ்த்தார்கள். இருவரும் காரில் வந்து இறங்கியபோது அந்தம்மா மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். "இவ்ளோ நரைச்சிடுச்சா?" என்று லிஃப்டில் கேட்டார். "வயசாவுதுல்லம்மா" என்றாள் அக்கா. வீட்டுக்கு வந்ததும் சமையலில் இறங்கினாள். கத்திரிக்காய் நறுக்கினாள். மேசையில் மூன்று தட்டு வைத்தாள்.

அந்தம்மா அறையிலிருந்து வந்து மேசை முன் நின்றார். மூன்று தட்டையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். அக்கா தன் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனால் அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தம்மா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கைகளைக் குவித்தார். கண்களை மூடினார். ஜெபம் சொன்னார். ஆமென் சொன்னார்.

கண்ணைத் திறக்கவில்லை.

மூடிய கண்ணோடு கையை நீட்டித் தட்டைத் தேடினார். கை தண்ணீர்க் கிளாஸில் இடித்தது. சோற்றைக் கண்டுபிடித்துப் பிசையத் தொடங்கினார்.

"அம்மா" என்றாள் அக்கா. "கண்ணத் தொறங்கம்மா."

"ஜெபத்துல இருக்கேன். பேசாம சாப்பிடு."

அக்கா உட்கார்ந்தாள். மீனை எடுத்து முள் நீக்கி அம்மாவின் தட்டில் வைத்தாள். அந்தம்மா தன் தட்டிலிருந்து ஒரு கத்திரிக்காய்த் துண்டை எடுத்து, தடவித் தடவி, எதிர்த் தட்டில் போட்டார். அது மேசையில் விழுந்தது. அக்கா எடுத்துத் தின்றாள். ஆப்பரேஷன் செய்து கிடைத்த பார்வையை அந்தம்மா இறுக்கி மூடி வைத்திருந்தார். இமைகள் துடித்தன. அது போதுமா, போதாதா என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியாது. அக்காவின் முகத்தில் இரண்டும் இருந்தது.

என் கையில் சோறு இருந்தது, வாய்க்குப் போகவில்லை. இதே நேரத்தில் நிபோங் திபாலில் என் அம்மா என் தட்டை என்ன செய்திருப்பார் என்று தோன்றியது. அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்தேன். எழுந்தால் அக்கா அதட்டுவாள், "எல்லாரும் முடிக்கட்டும், உக்காரு" என்பாள். காத்து நின்றேன். அவள் திரும்பவே இல்லை. இன்னொரு மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் அறைக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவை மெல்லச் சாத்தினேன். சபையில் ஜெப நேரத்தில் கதவைச் சாத்துவோமே, அப்படி.

டயர்க் கடையில் கையைக் கழுவி, பெர்ரி ஏறி, பட்டர்வொர்த் பஸ் நிலையத்து நாற்காலியில் தூங்கி, மறுநாள் காலை ஜுருவில் கார்க் கடைகள் இருக்கும் பக்கம் வேலை கேட்டு நடந்தேன். நாலாவது கடையில் கார் கழுவ ஆள் தேவைப்பட்டது. முதலாளி தமிழர், தடித்த ஆள், வாயில் பல்குச்சி. எதுவரை படித்திருக்கிறாய், லைசென்ஸ் இருக்கிறதா, குடிப்பாயா என்று கேட்டார். பிறகு வேலை முறையைச் சொன்னார்.

"மத்தியானம் எல்லாரும் ஒண்ணா சாப்பிடப் போகக் கூடாது, தம்பி. கழுவுறதுக்குக் கெரேத்தா வந்துக்கிட்டே இருக்கும். ஒருத்தன் போய்ட்டு வந்தாத்தான் அடுத்தவன். புரியுதா?"

சம்பளத்தைப் பற்றி அவர் இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"ரெண்டு ரெண்டு பேரா போகலாமாண்ணே?" என்றேன்.

அவர் பல்குச்சியை எடுத்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பின்னால் ஒரு வங்காளதேசத்து ஆள், வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் தனியாக உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"சரி லா" என்றார். "மொதல்ல போய் அவன்கூட பசியாறிட்டு வா."